ஐந்தாவது மீட்டர் வறட்சி

உலகத்துப் பெரும் போர்களெல்லாம் மண்ணுக்காக நடந்தவை. ஜொகூரில் நடந்த மகத்தான போர் மட்டும் மண்ணுக்குள் கிடந்த புல்லுக்காக நடந்தது.

போர்க்களம், பல்கலைக்கழகக் கருத்தரங்க அறை, ஏர்கான் பதினாறு டிகிரியில். சேனாதிபதிகள் இருவர். டாக்டர் ஹேமநாதன் ‘வறட்சிக் கட்சி’. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே மழை பொய்த்தது, காடு அழிந்தது, எங்கும் புல்வெளி என்பவர். டாக்டர் யஹ்யா ‘ஈரக் கட்சி’. அன்றும் மழைதான், குடைதான் இல்லை என்பவர். இருவருக்கும் சாட்சி ஒன்றே: சிம்பாங் ரெங்கம் அருகே சதுப்பு நிலத்தில் குழாய் இறக்கி எடுத்த சேறு. அதில் அந்தக் காலத்துக்குரிய ஐந்தாவது மீட்டரில் மட்டும் புல்லும் புல்லின் மகரந்தமும் மண்டிக் கிடந்தன.

நடுவில் அகப்பட்டவள் கஸ்தூரி. அந்தச் சேற்றை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்தே முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்தவள். இருவரும் கையெழுத்துப் போட்டால் பட்டம்; பட்டம் வந்தால் அடுத்த மாதமே சிங்கப்பூரில் வேலை.

“புல் இருந்தா வறட்சி. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் லா,” என்றார் ஹேமநாதன்.

“அலமாக்! குளத்தங்கரையில புல் முளைக்காதா? உங்க வீட்டுக்குப் பின்னால சாக்கடைப் பக்கம் போய்ப் பாருங்க!”

“என் வீட்டுச் சாக்கடையை இதுல இழுக்காதீங்க!”

விவாதம் இப்படி அறிவியலின் உச்சியில் நின்றபோது, யஹ்யா திரையில் தெரிந்த புல்லை உற்றுப் பார்த்தார். “ஒண்ணு மட்டும் கேக்குறேன். இத்தனை வருஷம் ஆகியும் பச்சையாவே இருக்கே?”

“நம்ம ஜொகூர் சேறு அப்படி. ஐஸ்பெட்டி மாதிரி.”

“எல்லாத்துக்கும் மூணு மூணு நுனியா இருக்கு?”

“அந்தக் காலத்து ஒழுக்கம்!”

அரங்கம் கைதட்டியது. கஸ்தூரிக்குப் பல நாளாகவே சந்தேகம். மூன்று நுனி என்றதும் சந்தேகம் செத்து நிச்சயம் பிறந்தது.

சேறு எடுத்த அன்று ஐந்தாவது மீட்டரில்தான் குழாய் சிக்கிக்கொண்டது. எந்திரம் முக்கியது, முனகியது, இம்மியும் அசையவில்லை. விஞ்ஞானம் தலைகுனிந்து நின்ற அந்த வேளையில் ஹேமநாதன், “பிள்ளையாரை மறந்துட்டோமே அம்மா,” என்றார். கஸ்தூரி ஓடிப்போய்ப் பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் மூன்று நுனி பார்த்து அருகம்புல் பறித்து வந்தாள். தூறலில் கற்பூரம் அணையாமல் யஹ்யா மரியாதையாகக் குடை பிடித்தார். மஞ்சளில் பிடித்த பிள்ளையாருக்கு ஒரு பிடி புல் சாத்திய ஹேமநாதன், அடங்காத பக்தியில் குழாயின் வாய்க்குள்ளும் ஒரு பிடி போட்டார். குழாய் இறங்கியது. பிள்ளையார் பிடிக்க வறட்சியாய் முடிந்தது.

தேநீர் இடைவேளையில் கஸ்தூரி இருவரையும் கறிபாப் பலகாரத் தட்டருகே மடக்கினாள்.

“சார், அது நான் பறிச்ச புல். பூஜைப் புல்.”

பகைவர் இருவரும் முதல்முறையாக ஒருவரையொருவர் அன்போடு பார்த்துக்கொண்டார்கள். ஒருவரின் வறட்சியும் மற்றவரின் குளத்தங்கரையும் அந்தப் புல்லில்தான் வேர்விட்டிருந்தன.

“அந்தப் பூஜையை ஆய்வேட்டுல எழுதியிருக்கியாம்மா?” என்றார் ஹேமநாதன்.

“இல்ல சார்.”

“அப்ப அது நடக்கல.”

“நானும் பார்க்கல,” என்றார் யஹ்யா. “குடை மறைச்சிருச்சு.”

“அப்ப என் ஆய்வேட்டுக்குக் கையெழுத்து?”

“புல் அங்கேயே இருக்கட்டும்மா. கையெழுத்து தானா வரும்,” என்றார் ஹேமநாதன்.

கஸ்தூரி கறிபாப்பைக் கடித்தாள். அது தொண்டையில் சற்று நேரம் நின்றது; பிறகு உண்மையோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. இரண்டு கையெழுத்தும் அன்று மாலையே விழுந்தன.

நிறைவு அமர்வில், கூலாயிலிருந்து வந்திருந்த ஆசிரியை யோகேஸ்வரி எழுந்து, “மனுசங்களால பருவநிலையை மாத்த முடியுமா, டாக்டர்?” என்று கேட்டார். முடியும் என்றது ஒரு கட்சி. ஆதாரம் போதாது என்றது மற்றது. மேடை ஓரத்தில் கஸ்தூரி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. அவளிடம் ஆதாரம் இருந்தது. மூன்று பேரும் ஒரு பிடி அருகம்புல்லும் போதும். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையையே நிறுத்திவிடலாம்.