அண்ணா சாலையில் மூன்று யூ-டர்ன்

"சார், பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு! போங்க சார்!"

ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து லிண்டா டீச்சர் தோளைத் தட்டினாள். ஞானதாஸ் வாத்தியாருக்கு எங்கே காது கேட்டது? அண்ணா சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு பைக் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் கட்டுமஸ்தான வாலிபன். அவன் பின்னால், சைதாப்பேட்டை வீட்டில் தலைவலியென்று படுத்திருக்க வேண்டிய அவர் மனைவி மர்சலின்!

இருபது வருஷமாக அவர் ஸ்கூட்டரில் கம்பியைப் பிடித்து உட்காருகிறவள், இவன் தோளையல்லவா பிடித்திருக்கிறாள்!

"டீச்சர், கெட்டியாப் பிடிச்சுக்கங்க!"

"ஒன்பது மணிக்கு நந்தனத்துல பேப்பர் திருத்தணும் சார்!"

"பேப்பர் எங்கயும் ஓடிப் போகாது."

அண்ணா சாலையில் நினைத்த இடத்தில் திரும்பிவிட முடியுமா? நடுவில் நீளத் தடுப்பு. யூ-டர்னைத் தேடிப் பிடித்துத் திரும்பினார். தேனாம்பேட்டை வரை துரத்திப் பார்த்தால், மர்சலின் பழையபடி எதிர்ப்பக்கம், நந்தனம் நோக்கி!

"பாத்தீங்களா, நம்மளக் கண்டுட்டு தப்பிச்சு ஓடறா!"

மறுபடி ஒரு யூ-டர்ன். விரட்டினார். சனியன் பிடித்த பைக் அதற்குள் திரும்பி, மறுபடி எதிரே வந்துகொண்டிருந்தது. சிக்னலாவது மண்ணாவது, சிவப்பிலேயே பறந்தார். "மாதாவே!" என்று அலறி, லிண்டா டீச்சர் அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை, பாவம்.

மூன்றாவது யூ-டர்னில் இவர் இந்தப் பக்கமிருந்து நுழைய, அவர்கள் அந்தப் பக்கமிருந்து நுழைய, இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு நின்றன. பின்னால் பஸ்கள் ஹாரனை அமுக்கின.

"யாருடி இவன்? வெக்கமாயில்ல? இத்தனை வருஷம் உன்னை நம்பினேனே!" ஞானதாஸ் நடுச்சாலையிலேயே கத்தினார்.

மர்சலின் லிண்டாவின் கைகள் இருந்த இடத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து அந்த வாலிபன் காதில் ஏதோ சொன்னாள்.

"என் கண்ணெதிர்லயே ரகசியமா?"

வாலிபன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"சார், நான் பைக் டாக்ஸி. தலைவலின்னு டாக்டராண்ட போவத்தான் அக்கா ஏறுச்சு. உங்களப் பாத்ததும் 'அந்த ஸ்கூட்டர விடாத'ன்னுச்சு. இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்லுது: சைதாப்பேட்டைக்குப் பக்கத்துலயே கீற நந்தனத்துக்கு, இன்னாத்துக்கு சார் டெய்லி ஆழ்வார்பேட்டையில இவங்க வூட்டச் சுத்திக்கினு போறீங்க?"