நிபந்தனைக்குட்பட்ட ஒரு நாள் விடுப்பு

ஆங்கிலத்தில் ஒரு நிபந்தனைத் தொடராவது இல்லாமல் எந்த ஆணையும் வெளியே போகக்கூடாது என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்து மூன்று வருடமாகிறது. யாரும் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அனுமதி கொடுத்துவிட்டு, 'ப்ரொவைடட் தட்', அதாவது 'இன்னது இருந்தால் மட்டும்' என்று ஒரு வாலைக் கட்டிவிட்டால் போதும். கொடுத்த மாதிரியும் ஆச்சு, கொடுக்காத மாதிரியும் ஆச்சு.

வால் கட்டுவதில் அந்த அலுவலகத்து வரைவு எழுத்தர் புலி. குடிநீர்க் குழாய் கேட்ட ஒருவருக்கு, வீட்டில் ஏற்கெனவே குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும் வரை அனுமதி உண்டு என்று 'ஆஸ் லாங் ஆஸ்' போட்டு எழுதியவர் அவர்தான். பக்கத்து அலுவலகங்கள் அதை நகலெடுத்துக்கொண்டு போனதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு தேவைப்பட்டது. பதினோரு மணிக்கு ஒரே மகளின் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்தை அப்பாதான் போடவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். விண்ணப்பம் மேலாளரிடம் போய் அன்றே திரும்பியது: 'விடுப்பு வழங்கப்படுகிறது, ப்ரொவைடட் தட், மேசையில் கோப்பு எதுவும் நிலுவையில் இருக்கக்கூடாது.'

தான் பழக்கிவிட்ட நடை என்று எழுத்தருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு நாள் மாங்குமாங்கென்று வேலை பார்த்து மேசையைக் காலி செய்தார். ஒரே ஒரு கோப்பு பாக்கி. அது அவருடைய விடுப்புக் கோப்பு. அவர் விடுப்பில் போய்த் திரும்பினால்தான் அதை முடிக்க முடியும்.

மேலாளரிடம் ஓடினார்.

"அப்போ நான் எப்படி சார் போறது?"

"தாராளமா போங்க. நிபந்தனையை முடிச்சிட்டுப் போங்க."

"அந்தக் கோப்பை நீங்க வாங்கி வச்சுக்கக்கூடாதா?"

"என் மேசைக்கு வந்தா அப்புறம் நான்ல லீவுல போகணும்?"

நியாயம்தான் என்று எழுத்தருக்கே பட்டது. கோப்போடு தன் மேசைக்கே திரும்பினார்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க அவர் அந்தக் கோப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. எங்கோ ஆய்வுக் கூட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பதினொன்றே காலுக்கு மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, உங்க ஆபீஸ்ல எல்லாரும் வந்தாச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

லீவு இன்னும் முடிவாகவில்லை என்று முனகினார். மறுமுனையில் போன் கைமாறியது. மேலாளர் குரல்.

"நேரமாச்சுன்னு சாட்சிக் கையெழுத்தை நானே போட்டுட்டேன். ஏங்க, கல்யாணத்துக்கு யாராவது லீவு எழுதிக் கேப்பாங்களா?"

எழுத்தர் எழுந்துபோய் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். பதிவேட்டின்படி அத்தனை பேரும் அலுவலகத்தில்தான் இருந்தார்கள். அவர் பெயருக்கு நேராக மட்டும் சிவப்பு மையில் 'விடுப்பு' என்று எழுதியிருந்தது.