ஹெல்மட்டில் வந்த பாரை

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

கண்ணியத்துக்குரிய மச்சான் ஸைனுலாப்தீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹா வெயிலிலும் தாங்களும் மச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கு உங்கள் தங்கை முனவ்வறா மிகவும் சுகம். என் நிலைதான் சரியில்லை. அதை முறையிடவே எழுதுகிறேன்.

சென்ற மாரியில் எங்கள் ஒழுங்கையின் வடிகான் பொலித்தீன் சொப்பிங் பேக்குகளால் அடைபட்டு, வெள்ளம் வீட்டுக்குள் வந்தது தங்களுக்குத் தெரியும். உலகமே மெதுவாகத்தான் திருந்துகிறது, நாமும் மெதுவாகத் திருந்துவோம் என்றேன். "நீங்க மெதுவாத் திருந்துங்க. வெள்ளம் கெதியா வரும்" என்றாள் உங்கள் தங்கை. அடுத்த வாரமே பக்கத்து வீட்டு ஸுஹைறாவையும் கூட்டிக்கொண்டு இருபத்திரண்டு வீடுகளிலும் ஏறி இறங்கி, இனிமேல் சொப்பிங் பேக் எடுப்பதில்லை என்று வாக்கு வாங்கிவிட்டாள். என்னிடம் கேட்கவே இல்லை. என் வாக்கையும் அவளே கொடுத்துவிட்டாள்.

போன மாதம் துணிப்பையை மறந்து சந்தைக்குப் போய், நல்ல பாரையொன்று வாங்கிவிட்டேன். சொப்பிங் பேக்கில் கொண்டுவந்தால் ஒழுங்கை முழுக்கப் பார்க்கும், கையில் பிடித்தால் மோட்டார் சைக்கிள் ஓட முடியாது, ஆகவே மீனை ஹெல்மட்டுக்குள் போட்டுக் கைபிடியில் கொழுவிக்கொண்டு வந்தேன், சந்தியில் பொலிஸ்காரர் மறித்துவிட்டார்.

"காக்கா, ஹெல்மட் தலையில போடுற சாமான்."

"ஓம் தம்பி. உள்ளுக்கு ஆள் இரிக்காரு."

எட்டிப் பார்த்தார். பாரையும் அவரைப் பார்த்தது.

"ஒரு சொப்பிங் பேக் எடுத்திருக்கலாமே?"

"எடுத்திருக்கலாம். எடுத்தா மறுகா வீட்ட போக ஏலாது."

சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் எடுத்தது. மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டே போகச் சொன்னார். மூன்று பூனைகள் வீடுவரை கூடவே வந்தன. முனவ்வறா மீனைத் தூக்கி, "பாத்தீங்களா, இவரே திருந்திட்டார்" என்று ஒழுங்கைக்கே காட்டினாள்.

இப்போது மூன்று நாளாக அடைமழை. வெள்ளம் வருமென்று நான் கட்டிலைக் கல் மேல் ஏற்றினேன். வரவில்லை. வடிகானில் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடுகிறது. அதைப் பார்க்க எல்லோரும் குடையோடு வந்து நிற்கிறார்கள். நான் மட்டும் ஸ்டூல் வைத்துக் கட்டிலேறுகிறேன். இறக்கவும் விடுகிறாளில்லை. "கிடக்கட்டும், அடுத்த முற நம்புவீங்க" என்கிறாள்.

ஆகவே மூத்த சகோதரர் என்ற முறையில் அவளிடம் ஒரு வார்த்தை பேசி, இந்த வேகத்தைக் குறைக்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும்.

தங்கள் மச்சான்,
காலிதீன்

பி.கு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் பின் ஒழுங்கையிலிருந்து நாலு பேர் வந்து, "எப்படி இவ்வளவு கெதியாச் செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். முனவ்வறா வரிப்பத்தான்சேனைக்குப் போயிருந்ததால் நானே விளக்கினேன். ஒரு மணித்தியாலம் விளக்கினேன். நாளை காலையிலிருந்து அவர்களுடைய வீடுகளில் வாக்கு வாங்க நானே போகிறேன். மேலே உள்ளதைத் தாங்கள் வாசிக்கவில்லை. உங்கள் தங்கைக்கு மட்டும் சொல்லிவிட வேண்டாம். அறிந்தால் மிச்ச வீடுகளுக்கு எனக்கு முன்னே போய்விடுவாள்.