அரையங்குல வாசர் வேண்டி நாச்சியம்மாள் தொடுத்த போர்

வாழ்க நாச்சியம்மாள்! மதுக்கரைக்கு அப்பால், சிமெண்ட்டுத் தூசியைத் திருநீறெனப் பூசிய ஒரு பேரூராட்சியின் இளநிலை உதவியாளரும், கோப்புக் குன்றுகளின் தலைவியும், ரப்பர் முத்திரை ஏந்திய வலக்கையினளுமாகிய அவள் திருப்பெயர் ஓங்குக!

அங்கன்வாடிக் குழாயில் அரையங்குல ரப்பர் வாசர் தேய்ந்துபோயிற்று. எட்டு நாளைக்கொரு முறை நிறையும் தொட்டி, இரண்டே நாளில் சொட்டிச் சொட்டி வற்றியது. சமையல்காரி பாத்திமுத்து வெறுங்குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, அரிசி களையக்கூடத் தண்ணி இல்லீங்க. முப்பது புள்ளைங்களுக்கு நான் என்னத்தைங்க ஆக்கிப் போடறது?"

அச்சொல் நாச்சியம்மாளின் நெஞ்சில் வேலெனத் தைத்தது. அந்தோ! ஒன்பது பேரூராட்சிகளுக்கும் குண்டூசி முதல் குப்பை வண்டி வரை வாங்கும் உரிமை, பீளமேட்டில் புதிதாய் எழுந்த கூட்டுக் கொள்முதல் மையம் என்னும் குளிரூட்டப்பெற்ற கோட்டைக்குப் போயிருந்தது. கைக்காசில் வாங்கி மாட்டலாமே எனில், அரசுக் குழாயில் தனியார் ரப்பர் ஏறினால் தணிக்கைத் தடை வரும் என்று செயல் அலுவலர் திருவாய் மலர்ந்துவிட்டார்.

ஆகவே அவ்வீராங்கனை கணினி முன் அமர்ந்து, கடவுச்சொல் என்னும் மதிலை மூன்று நாள் முற்றுகையிட்டுத் தகர்த்து, வாசர் என்று தட்டுந்தோறும் துணி துவைக்கும் இயந்திரங்களை அணியணியாய் ஏவிய வலைத்தளத்தின் மாயப்போரையும் வென்று, அதன்பின்னும் விண்ணப்பம் திரும்பி வரவே, சினந்த காங்கேயம் காளையெனச் சீறி, இரண்டு பேருந்து மாறிக் கோட்டைக்குள் புகுந்தாள்.

சுழல்நாற்காலி மீது வீற்றிருந்த ஒருங்கிணைப்பாளர் மோகன்குமார் முழங்கினார்: "ஒன்பது ஊருத் தேவையும் ஒண்ணாச் சேரணுமுங்க மேடம். ஊருக்கு நூறாச்சும் வேணும்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதுமுங்க சார். கொழந்தைங்க சோத்து விசயமுங்க."

"சிஸ்டத்துல ஒண்ணுங்கிறதுக்கு ஆப்ஷனே இல்லீங்க."

தொண்ணூற்றொன்பதை வேண்டாமலே வேண்டிக் கையொப்பமிட்டு மீண்டாள். அன்றுமுதல் தன் வீட்டுத் தண்ணீரைக் கேனில் நிரப்பி, ஸ்கூட்டியாம் தேரின் பின்னே கயிற்றால் பிணித்து, காலைதோறும் அங்கன்வாடிக்குச் சுமந்தாள். இடுப்பு வலித்தது. பிள்ளைகள் உண்டனர்.

நாற்பத்தேழாம் நாள், புழுதி விண்முட்ட, பூமி அதிர, லாரி வந்தது. ஒன்பது ஊருக்கும் சேர்த்துத் தொள்ளாயிரம் வாசர்! செயல் அலுவலர் மாலையிட்டார், படம் எடுக்கப்பட்டது, 'மிக்க திருப்தி' என்று முன்கூட்டியே அச்சான படிவத்தை ஓட்டுநர் நீட்டினார். முதற்பொட்டலத்தைப் பிரித்த நாச்சியம்மாள், அடுத்ததையும் பிரித்தாள், அதற்கடுத்ததையும் பிரித்தாள், பின் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனையும் ஓரங்குலம்.

குழாய் ரிப்பேர் பார்க்கும் அங்கப்பன், தன் பழைய செருப்பில் ஒரு துண்டை வட்டமாக அறுத்து மாட்டினார், சொட்டு நின்றது.