பூதங்களுக்கு ஷிப்ட் போட்டவர்

ஆவடி வட்டாரத்தில் பூதங்களுக்கு வார விடுமுறை வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் பூதம் சார்தான். எங்கள் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பதால், அவற்றுக்கு வெள்ளிக்கிழமை லீவு. பண்டிகை நாளில் வேலை பார்த்த பூதத்துக்கு மாற்று விடுப்பும் உண்டு.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் அவர் சீனியர் டிராஃப்ட்ஸ்மேன். நான் புதிதாகச் சேர்ந்து புரொபேஷனில் இருந்தவன். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

சென்ட்ரல் பக்கம் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் அவருக்குக் கிடைத்தது. அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கங்களும் இல்லை. மீதியைப் படித்து அவர் புரிந்துகொண்டது இதுதான். ஒருவர் ஒரு குகையையும் அதிலுள்ள ஆபத்துகளையும் எழுதித் தயாரிக்க வேண்டும். மற்றவர்கள் தங்களை வீரர்களாக நினைத்துக்கொண்டு, 'கதவைத் திறக்கிறேன்', 'ஓடுகிறேன்' என்று வாயால் சொல்ல வேண்டும். திறந்ததா, தப்பித்தாரா என்பதைப் பகடை சொல்லும். இருபது முகமுள்ள பகடை வேண்டும் என்று போட்டிருந்தது. ஆவடி மார்க்கெட்டில் அப்படி ஒன்று கேட்டால் அனுதாபத்தோடு பார்த்தார்கள். பூதம் சார் தன் மனைவியின் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துக்கொண்டார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. தாயம் விழுந்தால்தான் உள்ளே இறங்கலாம் என்பது அந்த வீட்டுச் சட்டம். அதைத் தளர்த்த அவர் மனைவி சம்மதிக்கவில்லை. அதனால் எங்கள் வீரர்கள் குகை வாசலிலேயே காத்துக் கிடந்தார்கள். பாரிவாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் ஃபிட்டர் தனபால், தொடர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றார்.

"இன்னும் எத்தினி நேரம் சார் இங்கியே நின்னுகினு கீறது? பூதமே வெளிய வந்து இன்னா வோணும்னு கேட்டுடும் போல கீது."

"வராதுப்பா. அது பி ஷிப்ட். ரெண்டு மணிக்கு மேலதான் டூட்டி" என்றார் பூதம் சார்.

அவர் தயாரித்த குகைகள் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் டிராயிங் நம்பர், ஸ்கேல், திருத்த எண் எல்லாம் உண்டு. தனபால் ஏதாவது ஓட்டையைக் கண்டுபிடித்துப் பிழைத்துவிட்டால், அடுத்த வாரமே திருத்தம் வெளியாகும். அதைப் படித்துவிட்டுத் தனபால் முறைப்படி சாவார்.

"குகைச் சுவர் கொஞ்சம் கோணலா இருக்கணும் இல்லியா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கோணல்னா எத்தனை டிகிரி?"

சுவர் நேராகவே இருந்தது.

அவரிடம் ஒரு தொழில் பிடிவாதம் இருந்தது. கண்ணால் பார்த்து அளக்காத இடத்தை வரைய மாட்டார். ஆவடியில் குகைகள் கிடையாது. பத்துக் குகைகளுக்கு அவருடைய குவார்ட்டர்ஸ், ரயில்வே ஸ்டேஷன், பூந்தமல்லியில் மாமனார் வீடு என்று சமாளித்துவிட்டார். பதினோராவது குகைக்கு இடம் தீர்ந்துபோயிற்று. தினமும் எட்டு மணி நேரம் கண்ணில் படும் தொழிற்சாலையையே அளந்து வரைந்தார். கம்ப்ரசர் ரூம் பாதாளச் சிறையானது. மழைநீர்க் கால்வாய் ரகசியச் சுரங்கமானது.

படங்களை நகலெடுக்கும் அமோனியா பிரிண்ட் மெஷின் தொழிற்சாலைக்குள்தான் இருந்தது. பிரிண்ட் எடுத்து மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு மாலையில் கிளம்பினார். கேட்டில் அன்றைக்குப் பார்த்துப் பை சோதனை.

"இன்னா சார் இது, நம்ம கம்பெனி மேப்பு மாதிரி கீது?" என்றார் வாட்ச்மேன். ஓரத்தில் இருந்த குறிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'இங்கே காவலர் இருவர். பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போவார்கள். அப்போது சுரங்கம் வழியாக உள்ளே நுழையலாம்.' வாட்ச்மேன் மிகவும் புண்பட்டுப் போனார். அவர் பன்னிரண்டரைக்குத்தான் சாப்பிடப் போவார்.

மறுநாள் விசாரணை. வேவு பார்த்ததாக முடிவானால் வேலை மட்டும் போகாது, போலீஸ் வரும். படத்தின் வலது மூலையில் மூன்று கையெழுத்துகள் இருந்தன. வரைந்தவர், பூதம் சார். சரிபார்த்தவர், நான்.

செக்யூரிட்டி ஆபீசர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். சிரித்ததைப் பார்த்தவர்கள் இல்லை.

"ஒப்புதல் கொடுத்திருக்கிற அதிகாரி யாரு?"

"என் சம்சாரம் சார்" என்றார் பூதம் சார்.

"எந்த டிபார்ட்மென்ட்?"

"வீடு சார்."

ஆபீசர் அதை எழுதிக்கொண்டார். அடுத்து என் பக்கம் திரும்பினார். "செக் பண்ணது நீதானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பூதம் சார் சொன்னார்: "அது நான் போட்ட கையெழுத்து சார். அந்த இடம் காலியா இருந்தா நல்லா இருக்காதுன்னு இவர் பேரைப் போட்டேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது."

பச்சைப் பொய். நான்தான் போட்டேன். அதை நான் மறுக்கவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

விளையாட்டு என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ஆபீசர் கேட்டார். சாட்சியாக வந்திருந்த தனபால், "ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க சார், தன்னால தெரிஞ்சிடும்" என்றார். பூதம் சார் சாப்பாட்டுப் பையிலிருந்து தாயக்கட்டையை எடுத்தார்.

ஆபீசருக்குப் பத்தொன்பதாவது உருட்டலில் தாயம் விழுந்தது. அதுவரை அவர் குகை வாசலில் விறைப்பாக நின்றார். முதல் அறையைக் கடந்தார். இரண்டாவது அறையில் ஓர் இரும்புப் பெட்டி.

"திறக்கறேன்."

"திறக்கறதுக்கு முன்னாடி சுத்தி ஏதாவது பார்க்கறீங்களா சார்?"

"எவன் பெட்டியா இருந்தாலும் திறந்து பார்க்கறதுதான்யா என் வேலை."

பெட்டிக்குள் விஷப்புகை. மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைக்கலாம். ஆபீசர் வேகமாக உருட்டினார். கட்டைகள் மேஜையைத் தாண்டிக் கீழே போய் விழுந்தன. பூதம் சார் குனிந்தார். என்ன விழுந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். மூன்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை தப்பும். தனபால் மேஜைக்கடியில் காலை விட்டு அவரை உதைத்தே பார்த்தார்.

பூதம் சார் நிமிர்ந்தார்.

"ரெண்டு சார். நீங்க செத்துட்டீங்க. மன்னிக்கணும்."

ஆபீசர் படத்தைத் தன் பக்கம் இழுத்து அந்தப் பெட்டியைத் தேடிப் பார்த்தார்.

"மூணு விழுந்திருந்தா?"

"பெட்டியில புதையல் சார்."

ஆபீசர் எழுதிய அறிக்கையைப் பிற்பாடு நான் பார்த்தேன். 'இது விளையாட்டே. மேலும், இந்தப் படத்தை நம்பி உள்ளே நுழைபவர் எவரும் உயிருடன் திரும்ப முடியாது. நானே சோதித்துப் பார்த்தேன்.'

வேலை தப்பியது. ஆனால் பதினொரு குகைகளையும் ஒப்படைக்கச் சொல்லி பாய்லரில் போட்டார்கள். அனுமதியில்லாமல் பிரிண்ட் எடுத்ததற்கும் என் கையெழுத்தைப் போட்டதற்கும் எழுத்துமூலம் எச்சரிக்கை. அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய சீஃப் டிராஃப்ட்ஸ்மேன் பதவி இன்னொருவருக்குப் போயிற்று.

அன்று மாலை குவார்ட்டர்ஸ் பக்கம் நடக்கும்போது கேட்டேன். "எனக்காக அவ்வளவு பெரிய பொய் சொன்னீங்களே சார்?"

"நீ புரொபேஷன்ல இருக்கே. உன்னை நேரா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"அப்ப மூணுன்னு ஒரு சின்னப் பொய் உங்களுக்காகச் சொல்லியிருக்கலாமே?"

நின்று என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அது எப்படிப்பா? அது ஆட்டம் இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை தனபாலுக்கும் முன்னால் அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். பூதம் சார் பன்னிரண்டாவது குகைக்காக வெள்ளைத் தாளைப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு கோடுகூட விழவில்லை. நான் பேனாவை எடுத்து, வலது மூலையில் சரிபார்த்தவர் என்று கையெழுத்துப் போட்டேன்.

பதறிப்போனார். "வரையாத படத்துக்கு யாராவது கையெழுத்துப் போடுவாங்களாய்யா?"

"நீங்க வரைஞ்சா சரியாத்தான் சார் இருக்கும்" என்றேன்.