உரிமையாளர் பொறுப்பில் ஒரு பறிமுதல்

மனித நாகரிகம் சக்கரத்தில் தொடங்கியது என்று பாடப்புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். தவறு. அது ஹாரனில் தொடங்கியது. சக்கரம் மனிதனை நகர்த்தியது, அவ்வளவுதான். எதிரே நிற்கிற அடுத்த மனிதனை நகர்த்தியது ஹாரன்.

இந்தப் பேருண்மையை ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரத்தில் முதலில் கண்டுணர்ந்தவர் பனையேந்தல் சேதுபதி அவர்கள். நஞ்சையும் புஞ்சையுமாக நிறைய நிலம் உள்ளவர். ஊராட்சித் தேர்தலில் இரண்டு தடவை நின்றார். இரண்டு தடவையும் மக்கள் அவரை விட்டு விலகிப் போனார்கள். விலகுவதுதான் இவர்களுக்கு இஷ்டம் என்றால் ஒழுங்காக விலகட்டும் என்று முடிவுசெய்து, உயரமான வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். கோயில் வாசலில் நிறுத்தி நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். காரோடு வந்த ஹாரன் மரியாதை தெரிந்ததாக இருந்ததால் அதைக் கழற்றிவிட்டு, லாரிக்கு மாட்டுகிற ஹாரனை மதுரையில் தேடிப் பிடித்து மாட்டினார். அதை அவர் கண்மாய்க் கரையில் அடித்தால் தண்ணீரில் நிற்கிற கொக்கெல்லாம் எழும்பி அடுத்த கண்மாய்க்குப் போய்விடும்.

அவ்வளவு பெரிய காரை வெயிலில் விட முடியுமா? ஊருக்குப் பொதுவாக அரசாங்கம் ஓர் உலர்களம் கட்டிக்கொடுத்திருந்தது. நெல்லும் மிளகாயும் காயவைக்க சிமெண்டுத் தரை, பக்கத்திலேயே தகரக் கொட்டகை. கார் அங்கே குடியேறியது. களத்தில் கார் நின்றால் மிளகாய் எங்கே காயும் என்று கேட்கக்கூடாது. சாலையில் காயும்.

மிளகாயைச் சாலையில் காயவைப்பது அந்தப் பக்கத்துப் பழக்கம்தான். ஆளுக்கு ஒரு பாயளவு விரிப்பார்கள், போகிறவர் வருகிறவர் ஒதுங்கிப் போவார்கள், சாயங்காலம் அள்ளிவிடுவார்கள். சேதுபதி அவர்கள் எதையும் சிறிதாகச் செய்து பழகாதவர். மாசி பிறந்ததும் அவருடைய குண்டு மிளகாய், ஊரிலிருந்து கண்மாய்க் கரை வரைக்கும் தார்ச்சாலையின் இடது பாதியை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு சிவப்பாகக் கிடந்தது. யாரும் ஏறிவிடாமல் விளிம்பில் கல்லும் கருவேல முள்ளும் வரிசையாக வைக்கப்பட்டன. அரசாங்கம் போட்ட சாலைக்கு வெள்ளைக்கோடு கிடையாது, மிளகாய்க்கு முள்கோடு இருந்தது.

இத்தகைய நாகரிகத்தின் குறுக்கே தினமும் காலையில் ஒரு பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். பெயர் முத்தழகு. கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் அவளுக்கு. டவுன் பஸ் தனக்குத் தோன்றுகிறபோது வருகிற பஸ். அதனால் சைக்கிள். அடுப்பை நேரத்துக்குப் பற்றவைக்காவிட்டால் பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அமைப்பாளர் அம்மா சொல்லியும் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அவள் அடுப்பு எரிந்தால்தான் வீட்டிலும் எரியும்.

அன்று காலை அவள் மிளகாயை மிதிக்காமல், முள்ளில் டயரைக் கொடுக்காமல், மிச்சமிருந்த பாதிச் சாலையில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் நாகரிகம் அலறியது. திரும்பிப் பார்த்தாள். சேதுபதி அவர்கள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டியிருந்தார்.

"ஏத்தா, ரோடு என்ன ஒங்கய்யா போட்டதா? ஓரமாப் போ."

"எங்கய்யாவும் இதுக்குக் கல்லு சொமந்தவருதாண்ணே. ஓரத்துல ஒங்க மொளகால்ல கெடக்கு."

"மொளகா மேல ஏறாம ஓரமாப் போ."

சாலையில் அப்படி ஓர் இடம் இல்லை. இல்லாத இடத்துக்கு ஒருவர் போகவில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் முந்தினார். காரின் பக்கக் கண்ணாடி சைக்கிளின் கைப்பிடியைத் தட்டியது. முத்தழகு முள்ளைத் தாண்டி மிளகாயின் மேல் விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்த இடமெல்லாம் மிளகாய் பட்டு எரிந்ததில் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சேதுபதி அவர்கள் பதறிப்போய் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடிவந்தார். வந்து, கதவில் விழுந்திருந்த கீறலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மிளகாயைப் பார்த்தார். நேரே காவல் நிலையத்துக்குப் போனார்.

அங்கே சார்பு ஆய்வாளராக இருந்தவர் வினோத்குமார். வயது குறைவு, நேர்மை அதிகம். ஏழை பணக்காரன் பார்க்காமல் சட்டத்தைச் சமமாக நடத்துவேன் என்று, கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருப்பவர். முத்தழகை வரவழைத்து, கார்க்காரரிடம் கேட்கிற கேள்வி எதையும் விட்டுவிடாமல் அவளிடமும் கேட்டார். ஓட்டுநர் உரிமம் உண்டா என்றார். காப்பீடு உண்டா என்றார். தலைக்கவசம், பின்னால் பார்க்கிற கண்ணாடி, எதுவும் இல்லை. இண்டிகேட்டராவது இருக்கிறதா என்று கடைசியாகக் கேட்டார்.

"கைய நீட்டுவேன் சார்."

"அன்னைக்கு நீட்டுனீங்களா?"

"விழுகையில ரெண்டு கையையும் நீட்டுனேன் சார்."

அவர் தலையசைத்து யோசித்தார். பிறகு எழுந்து நின்று, சட்டத்துக்கு முன்னால் காரும் ஒன்று சைக்கிளும் ஒன்று, இரண்டையும் பறிமுதல் செய்கிறேன் என்று அறிவித்தார். சேதுபதி அவர்களின் முகம் ஒரு நொடி வாடியது. அதற்குள் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. நிலையத்தில் இருந்தது ஒரே வேப்பமரம். அதன் நிழலுக்குள் கார் அடங்காது. வெயிலில் நின்று வழக்குச் சொத்துக்குச் சேதம் வந்தால் யார் பதில் சொல்வது? ஆகவே கார் 'உரிமையாளர் பொறுப்பிலேயே' பறிமுதல் செய்யப்பட்டது. உரிமையாளர் அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தினமும் கொஞ்சம் ஓட்டாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்பதால், தினமும் கொஞ்சம் ஓட்டவும் வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டார்.

சைக்கிள் வேப்பமரத்து நிழலில் கச்சிதமாக அடங்கியது.

மறுநாளிலிருந்து முத்தழகு நடந்தாள். கோழி கூவுகிற நேரத்துக்கே கிளம்பினாலும், வீட்டு வேலையில் ஒன்று பாக்கி நின்றுவிடும். பள்ளிக்கூடம் போய்ச் சேர்கையில் மணி அடித்திருக்கும். சாம்பார் கொதிப்பதற்குள் பிள்ளைகள் தட்டைத் தட்டத் தொடங்கின. அமைப்பாளர் அம்மா கோபப்படவில்லை. வேறு யாரோ ஒருத்தி வேலை கேட்டு வந்து போனதை மட்டும் தற்செயலாகச் சொன்னார். போகிற வழியில் பறிமுதலான கார் தினமும் பேட்டரியைக் காப்பாற்றியபடி அவளைக் கடந்து போயிற்று.

அந்த வாரமே பள்ளி மைதானத்தில் சாலைப் பாதுகாப்புக் கூட்டம் நடந்தது. சட்டத்தால் பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் சேதுபதி அவர்களே தலைமை. கார்க்காரர்களுக்குக் கோபம் வருவது ஏன் என்று அவர் அறிவியல் முறையில் ஆராய்ந்து பேசினார். சைக்கிள் இருப்பதால்தான் வருகிறது. சைக்கிளே இல்லாத சாலையில் எந்தக் கார்க்காரராவது சைக்கிள்காரரைத் திட்டி யாராவது பார்த்திருக்கிறீர்களா? கூட்டம் வாயடைத்துப் போயிற்று. அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார்.

அடுத்து வினோத்குமார், சைக்கிள் வைத்திருக்கிற எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி உறுதிமொழி எடுக்கவைத்தார். உயிரே போனாலும் சாலையின் இடது ஓரத்தை விட்டு விலக மாட்டேன் என்பது அதன் சாரம். மேல்வகுப்புப் பிள்ளைகள் சொன்னார்கள். சைக்கிளே கைவசம் இல்லாத முத்தழகும், சொன்னால் திரும்பக் கிடைக்கும் என்றதால், எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். காரங்காட்டுக் கடற்கரையில் மீன் எடுத்து ஊர் ஊராகச் சைக்கிளில் விற்கிற காதர் மைதீன் மட்டும் பாதியில் கையைத் தூக்கினார்.

"ஓரத்துல என்ன கெடந்தாலுமா சார்?"

"என்ன கெடந்தாலும்," என்றார் வினோத்குமார். சட்டத்தில் விதிவிலக்குக் கிடையாது என்றும் சொன்னார். சேதுபதி அவர்கள் மேடையில் இருந்தபடி பலமாகத் தலையாட்டினார்.

சைக்கிள் திரும்பி வந்தது. அடுத்த நாள் காலை முத்தழகு ஏறி மிதித்தாள். மிளகாய் தொடங்குகிற இடம் வந்ததும் பழக்கத்தில் கை தானாக வலப்பக்கம் ஒடித்தது. பின்னால் அந்த ஹாரன் கேட்டது. அவளுக்கு உறுதிமொழி ஞாபகம் வந்தது. மறுபடி சைக்கிள் வேப்பமரத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதும் ஞாபகம் வந்தது. இறங்கினாள், இரண்டு முள்ளை எடுத்து ஒதுக்கினாள், ஏறி உட்கார்ந்தாள், சட்டப்படி இடது ஓரத்தில் மிளகாய்க்குள் போனாள். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் பிஸ்மில்லா சொல்லிவிட்டு மீன் கூடையோடு காதர் மைதீன் போனார்.

நன்றாகக் காய்ந்த வத்தல். சரசரவென்று ஒடிந்தது.

"ஏலே, நடுவுல போங்கலே," என்று சேதுபதி அவர்கள் கத்தினார். "ஏத்தா, ரோட்டு நடுவுல போ."

"சத்தியம் பண்ணிருக்கேண்ணே," என்று திரும்பாமலே சொன்னாள் முத்தழகு.

அவர் மறித்து நிறுத்துவதற்காகக் காரை இடப்பக்கம் ஒடித்தார். சைக்கிள்கள் ஒடித்த வத்தல் கொஞ்சம்தான். காரின் நான்கு டயரும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிய அதே பக்தியோடு மிளகாயை அரைத்தன. கடல்காற்று எழுந்து அந்தத் தூளை அள்ளித் திறந்திருந்த கண்ணாடி வழியாக உள்ளே கொடுத்தது. சேதுபதி அவர்கள் தும்மினார். தும்மலோடு தும்மலாகக் காரை முள்ளின் மேலேற்றி நிறுத்தினார். முன்டயர் உஸ்ஸென்று இறங்கியது.

வினோத்குமார் வந்து சேர்ந்தபோது ஊரே கூடியிருந்தது, பாதிப் பேர் கையில் போன். சேதுபதி அவர்கள் இரண்டு தும்மலுக்கு ஒரு சொல்லாகப் புகார் கொடுத்தார். எதன் மேல் வழக்குப் போடுவது என்று சார்பு ஆய்வாளர் யோசித்தார். சைக்கிள்காரர்கள் இடது ஓரத்தில் போனார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. சாலையில் மிளகாய் கிடந்ததும் குற்றம்தான் என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். நேர்மையாளருக்கு அது காதில் விழாமல் போகுமா? மிளகாயையும் பறிமுதல் செய்கிறேன் என்று அங்கேயே அறிவித்தார். அவ்வளவையும் அள்ளிக் கொண்டுபோக ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. ஆகவே அது கிடந்த இடத்திலேயே, 'உரிமையாளர் பொறுப்பிலேயே' பறிமுதலானது. 'வழக்குச் சொத்து. தொட்டால் நடவடிக்கை' என்று நிலையத்துப் பலகை ஒன்று மிளகாய்க்கு நடுவே நட்டுவைக்கப்பட்டது. இனி அதன் மேல் சைக்கிள் ஏறினால் சாட்சியத்தை அழித்த குற்றம். ஏறாமல் நடுவில் போனால் உறுதிமொழியை மீறிய குற்றம்.

கடைசியாக அவர் முத்தழகின் சைக்கிளின் மேல் கை வைத்தார்.

முத்தழகு கைப்பிடியை விடவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"பறிமுதல் பண்ணிக்கங்க சார். வேணாம்னு சொல்லல. காரப் பண்ணுனாப்புல பண்ணுங்க, மொளகாயப் பண்ணுனாப்புல பண்ணுங்க. எஞ் சைக்கிளு எம் பொறுப்புலயே இருக்கட்டும். தெனமும் கொஞ்சம் ஓட்டலன்னா டயருல காத்து எறங்கிரும் சார்."

போன்கள் எல்லாம் சார்பு ஆய்வாளர் பக்கம் திரும்பின. காரும் சைக்கிளும் ஒன்று என்று சொன்ன வாய் அவருடையது. அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் மைக்கில் வேறு சொல்லியிருந்தார். அவர் ஒரு முறை தும்மிவிட்டுச் சரி என்றார். காவலர் ஒருவர் வெள்ளைப் பெயிண்டால் பின்சக்கரத்து மட்கார்டில் எழுதினார்: 'வழக்குச் சொத்து. தொட்டால் நடவடிக்கை.' இனி அந்தச் சைக்கிளை உறுதிமொழி கட்டுப்படுத்துமா என்று காதர் மைதீன் கேட்டார். வழக்குச் சொத்து உறுதிமொழி எடுக்கவில்லை என்று வினோத்குமார் அலுப்போடு சொன்னார்.

அடுத்த நாள் காலை முத்தழகு சாலையின் நடுவில் போனாள். பின்னால் கார் வந்தது. ஹாரன் ஒரு தடவை பாதி கத்தி அடங்கியது. சேதுபதி அவர்களின் கண்ணில் மட்கார்டு பட்டிருக்க வேண்டும். நாகரிகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சைக்கிளின் வேகத்துக்குக் கண்மாய்க் கரை வரைக்கும் பின்னால் ஊர்ந்து வந்தது. ஒரே ஒரு தடவை தலையை வெளியே நீட்டி, கொஞ்சம் ஓரமாப் போறியாத்தா என்று தாழ்மையாகக் கேட்டது. அடுப்பு நேரத்துக்கு எரிந்தது, பிள்ளைகள் நேரத்துக்குச் சாப்பிட்டன.

சட்டத்தின் மகிமையைச் சொல்லி முடியாது. கல் சுமந்து சாலை போட்டவரின் மகளாக அவள் போனாள், யாரும் வழிவிடவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு பொங்குகிறவளாகப் போனாள், தள்ளிவிட்டார்கள். குற்றப் பொருளாகப் போனாள், வழி கிடைத்தது. வழக்கு முடிந்து பெயிண்டைச் சுரண்டிவிட்டால் அது மறுபடி வெறும் சைக்கிள் ஆகிவிடும், மேலே இருக்கிறவள் வெறும் முத்தழகு ஆகிவிடுவாள் என்பதுதான் இப்போது அவளுக்கு இருக்கிற ஒரே பயம். ஆனாலும் அவள் நிம்மதியாகத்தான் மிதிக்கிறாள். நம் நீதிமன்றங்கள் வழக்கை அவ்வளவு சீக்கிரம் முடித்துவிடாது என்பதில் அவளுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது.