ஏலம் போன சனிக்கிழமை

என் வாழ்க்கையில் நான் உறுதியாக எடுத்த முடிவுகள் மொத்தம் மூன்று. முதல் இரண்டையும் மனைவி மாற்றிவிட்டாள். மூன்றாவது, சனிக்கிழமையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்பது. வாரம் ஐந்து நாளும் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து, யார் கார் யார் மேல் இடித்தது என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவன் நான். ஆறாம் நாள் சோபாவில் படுத்தால், சோபா எது நான் எது என்று வீட்டாருக்கே தெரியக் கூடாது.

அதற்குத்தான் வேட்டு வைத்தது மகள் படிக்கும் ஆரம்பப் பள்ளி. விளையாட்டுத் திடலில் ஊஞ்சல் அறுந்துவிட்டதாம். புது ஊஞ்சலுக்குப் பணம் திரட்ட ஒரு விழா. பெற்றோர் சங்கச் செயலாளர் என் மனைவி என்பதால் விழா முழுக்க எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் உருவானது. சாக்கு ஓட்டமும் கேக் விற்பனையும் போன வருஷமே பார்த்துச் சலித்துவிட்டதாம். இந்த வருஷம் அப்பாக்களை ஏலம் விடப் போகிறார்களாம்.

"ஏலம்னா?"

"ஒவ்வொரு அப்பாவும் ஒரு சனிக்கிழமையைத் தரணும். யார் எடுக்கிறாங்களோ, அவங்க சொல்ற வேலையைச் செய்யணும்."

"என்னை எவன் எடுப்பான்?"

"அந்தக் கவலை எனக்கும் இருக்குங்க. இருந்தாலும் பேரை எழுதிட்டேன்."

வகுப்பறைச் சுவரில் ஒவ்வொரு அப்பாவுக்கும் ஒரு தாள் ஒட்டுவார்கள். வேண்டியவர்கள் தொகையை எழுதிப் பக்கத்தில் தங்கள் டோக்கன் நம்பரைப் போட வேண்டும், பெயர் கூடாது. மணி அடிக்கும்போது கடைசியாக இருக்கும் நம்பருக்கு அந்த அப்பா சொந்தம்.

எனக்குப் புரிந்துவிட்டது. என்னை எடுக்கப் போவது மனைவியேதான். பரண், திரைச்சீலைக் கம்பி, குளியலறைக் குழாய் என்று அவளிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியலின் தலையில் மகளுக்குச் சைக்கிள் கற்றுத் தருவது. பிறந்தநாளுக்கு வாங்கிய சைக்கிள் ஏழு மாதமாக வராந்தாவில் நிற்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "நாளைக்காப்பா?" என்று கேட்பாள். அடுத்த வாரம் என்பேன். அவளும் நம்பிக்கொண்டு போய்விடுவாள். நான் நிம்மதியாகத் தூங்கப் போவேன்.

பக்கத்து வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் ஏலத்தில் மாட்டியிருந்தார். சுற்றுச்சுவர் ஓரம் நின்று இருவரும் திட்டம் போட்டோம். அவர் என்னை எடுப்பது, நான் அவரை எடுப்பது. சனிக்கிழமை அவர் கடையின் பின்னறையில், நான் தூங்குவதை அவர் மேற்பார்வை பார்ப்பது, அவர் தூங்குவதை நான். இப்படி ஒரு மூளையை இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வீணடிக்கிறேனே என்று எனக்கே வருத்தமாக இருந்தது.

விழா நாளில் கடைக்காரர் என் தாளில் எழுதினார், நான் அவர் தாளில் எழுதினேன். சற்று நேரத்தில் என் தாளில் ஒரு பதினேழாம் நம்பர் பென்சிலால் கொஞ்சம் கூட்டி எழுதியிருந்தது. கோணல்மாணலான எழுத்து. மனைவிதான் கையெழுத்தை மாற்றி எழுதுகிறாளாக்கும் என்று சிரித்துக்கொண்டே கடைக்காரரின் விலாவில் இடித்தேன். அவர் ஏற்றினார். பதினேழு மறுபடியும் துளி ஏற்றியது. இப்படியே ஆறு தடவை. அதற்கப்புறம் பதினேழு வரவில்லை. மனைவியை ஜெயித்த முதல் ஆண் என்ற கர்வத்தோடு என் தாளுக்கு நானே காவல் நின்றேன். மணி அடித்த பிறகுதான் கடைக்காரரின் தாள் ஞாபகம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் என் நம்பருக்குக் கீழே, பென்சிலில், பதினேழு.

மனைவி மைக்கில் முடிவுகளை வாசித்தாள். பதினேழாம் நம்பர் என்றதும், காலுறைக்குள் முடிந்த உண்டியல் காசோடு மேடையேறியது என் மகள்.

கூட்டம் கலைந்ததும் மனைவியைப் பிடித்தேன். "பதினேழு நம்ம பாப்பாவா?"

"ஆமா. உங்களை எடுக்கத்தான் வந்தா. ஆறு தடவை எழுதினா. யாரோ விடாம மேல மேல எழுதிட்டாங்க போல. அழுதுட்டே வந்தா. மாமாவும் நல்லா சைக்கிள் கத்துத் தருவாருன்னு நான்தான் தேத்தி அனுப்பினேன்."

அந்த 'யாரோ'வை அவள் சொன்ன விதத்தில், சுற்றுச்சுவருக்கு மேலேதான் எங்கள் சமையலறை ஜன்னல் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

"நானே கத்துத் தரேன். ஆளை மாத்திக்கலாம்."

"அது எப்படிங்க? ஏலம்னா ஏலம்தான். உங்களை எடுத்தது பக்கத்து வீடு. அந்த வீட்டு அக்கா வாசல் கேட்டுக்குப் பெயின்ட்டும் உப்புத்தாளும் வாங்கி வெச்சுட்டாங்க."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பக்கத்து வீட்டம்மா, "கீழ்க் கம்பியில துரு நிறைய இருக்குண்ணா" என்று அன்பாகச் சொல்லி உப்புத்தாளைக் கையில் கொடுத்தார். நான் தெருவைப் பார்த்து உட்கார்ந்து தேய்த்தேன். தெருவில் என் மகள் சைக்கிளில். சீட்டைப் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடினார் கடைக்காரர். இரண்டு தடவை விழுந்தாள். இரண்டு தடவையும் நான் எழுந்தேன், அதற்குள் அவர் தூக்கிவிட்டார். பதினொரு மணிக்கு அவர் கையை எடுத்தார். அவள் விழவில்லை. தெருமுனை வரை தனியாகப் போனாள்.

அது ஒரே ஒரு தடவைதான் நடக்கும். என் கையில் பெயின்ட் பிரஷ் இருந்தது.

அவள் திரும்பி வந்து கேட் முன்னால் பிரேக் போட்டாள். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும்.

"அப்பா பாத்தேன் கண்ணு. இனிமே நானே உன்கூட வரேன், என்ன?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். என்மேல் நிஜமாகவே அக்கறையோடு சொன்னாள்:

"வேணாம்பா, நீங்க தூங்குங்க. அடுத்த வருஷமும் நான் மாமாவையே எடுத்துக்கறேன்."